ஏழரை வருடச் சம்பளத்துக்கு ஒரு பெட்டி: ஊர் ஊராக சினிமா காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. அங்கே டிராயிங் போடுற வேலையில் 22 வயசுல ஒரு இளைஞர் இருக்கார்னு வெச்சுக்குங்க. திடீர்னு ஒருநாள் வேலையை விட்டுட்டு, தன் ஏழரை வருடச் சம்பளத்துக்குச் சமமான தொகையைப் போட்டு, பேர்கூட வாயில நுழையாத ஒரு மெஷினை வாங்கிட்டு வந்து நிக்கிறார். வீட்டில் என்ன சொல்வாங்க? ஏழரை பிடிச்சிடுச்சுன்னுதான் சொல்வாங்க.

1905-ல் திருச்சியில் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. அந்த இளைஞர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர். பிறந்தது 1883-ல். சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியில் வரைவாளர் வேலை, மாதச் சம்பளம் 25 ரூபாய். அவர் வாங்கிய மெஷின், சினிமா காட்டும் புரொஜெக்டர். அதற்கும் கூடவே வந்த சில படச் சுருள்களுக்கும் சேர்த்துக் கொடுத்த விலை 2,250 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க, சரியாக 90 மாதச் சம்பளம்.

விற்றவர் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர். தென்னிந்தியாவில் சுற்றிச் சுற்றிப் படம் காட்டிக்கொண்டிருந்தவர். திருச்சிக்கு வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தார். மூட்டை முடிச்சோடு இந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறுவதைவிட, யாராவது வாங்கினால் நல்லது என்று நினைத்திருக்க வேண்டும். வாங்க ஆள் கிடைத்தது ரயில்வே ஆபீஸில்.

வின்சென்ட்டைப் பற்றி எழுதும்போது, தென்னிந்தியாவில் முதன்முதலில் சினிமா காட்டியவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது சரியில்லை. பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28-ல். ஏழே மாதத்துக்குள், 1896 ஜூலை 7-ம் தேதி, பம்பாய் வாட்சன் ஹோட்டலில் அந்தப் படங்கள் ஓடிவிட்டன. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலிலும் 1890-கள் முடிவதற்குள் காட்சிகள் நடந்துவிட்டன. ஆனால் இதையெல்லாம் பார்த்தது யார்? பெரிய நகரத்தில் இருந்த வெள்ளைக்காரர்களும், டிக்கெட் வாங்க வசதியிருந்த கொஞ்சம் உள்ளூர்க்காரர்களும்தான். திருச்சியில் இருந்த ஒரு மூட்டை தூக்குகிறவரோ, திருநெல்வேலிப் பக்கத்து விவசாயியோ அந்த ஹாலுக்குள் போயிருக்க வழியே இல்லை. அவங்ககிட்ட சினிமாவை எடுத்துட்டுப் போனவங்களில் முன்வரிசையில் இருக்கிறவர் வின்சென்ட். என் கணக்கில், முதல் ஆள் என்ற பட்டத்தைவிட இது பெரிசு.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது?

அந்தக் காலத்துப் படம் என்றால் இன்றைய ரீல்ஸ் அளவுதான். லூமியரின் முதல் படங்கள் ஒவ்வொன்றும் 17 மீட்டர் நீளச் சுருள், ஓடும் நேரம் சுமார் 50 விநாடி. தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருவது, ரயில் வந்து நிற்பது, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவது, இவ்வளவுதான் கதை. சத்தம் கிடையாது. புரொஜெக்டருக்கு மோட்டாரும் கிடையாது. ஒருத்தர் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கிட்டே இருக்கணும். விநாடிக்கு சுமார் 16 படம் நகர வேண்டும், அதாவது ஒரு விநாடிக்கு ஒரு அடி ஃபிலிம். ஆயிரம் அடிச் சுருள் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். கை வலித்து வேகம் குறைந்தால் திரையில் ஆட்கள் மெதுவாக நடப்பார்கள். அவசரப்பட்டுச் சுற்றினால் ஓட்டம் பிடிப்பார்கள். பழைய ஊமைப் படங்களில் எல்லோரும் குடுகுடுவென்று நடக்கிற மாதிரி நமக்குத் தெரிவதற்கும் காரணம் இந்த வேக வித்தியாசம்தான். 16 கணக்கில் எடுத்ததை 24 கணக்கில் ஓட்டினால் அப்படித்தான் தெரியும்.

வின்சென்ட்டுக்குக் கிடைத்த சுருள்களில் அவர் தொழிலைத் தூக்கி நிறுத்தியது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இந்தக் கதையைப் பல கம்பெனிகள் எடுத்தன. பிறப்பு, அற்புதங்கள், சிலுவை என்று தனித்தனிக் காட்சிகளாக எடுத்து, வேண்டிய காட்சியை மட்டும் வாங்கிக்கொள்ளும்படி பாத்தே கம்பெனி விற்றது. எல்லாவற்றையும் ஒட்டினால் 40 நிமிடத்துக்கு மேல் வரும். மற்றதெல்லாம் ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம் ஓடும் துண்டுகள் என்கிற காலத்தில், 40 நிமிடம் ஒரு கதை சொல்வது பெரிய விஷயம். திருச்சி போன்ற, கிறிஸ்தவர்கள் கணிசமாக இருக்கிற ஊரில் அதற்குக் கூட்டம் வராமல் இருக்குமா?

சரி, திரையில் நடப்பது என்னன்னு மக்களுக்கு எப்படிப் புரிந்தது? நடுநடுவே எழுத்து அட்டை வரும் படங்களில் அது வேற்று மொழியில் இருக்கும். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று தமிழில் உரக்கக் கதை சொல்வார். தெருக்கூத்தும் கதாகாலட்சேபமும் பார்த்துப் பழகிய சனங்களுக்கு இது புதுசே இல்லை. ஊமைப்படம் என்று பேர்தான், கொட்டகைக்குள் அமைதியே இருந்ததில்லை.

கூடாரம் எதுக்கு?

வின்சென்ட் ஏன் திருச்சியிலேயே ஒரு ஹாலைப் பிடித்து உட்காரவில்லை? காரணம் வியாபாரம். அப்போது படங்களை வாடகைக்கு எடுக்க முடியாது. அடிக் கணக்கில் காசு கொடுத்து சொந்தமாகத்தான் வாங்க வேண்டும். கையில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சுருள்கள். ஒரு ஊரில் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் சில வாரத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். அப்புறம்? படத்தை மாற்ற முடியாது, அதனால் ஊரை மாத்தணும். ஊர் மாறிக்கொண்டே இருப்பவனுக்குக் கட்டடம் உதவாது. கழற்றி மாட்டுகிற கூடாரம்தான் சரி. நம்ம ஊர் டூரிங் கொட்டகை பிறந்தது இந்தக் கணக்கில்தான்.

அடுத்த பிரச்சினை, சாமான்களைக் கொண்டு போவது. இங்கேதான் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த அனுபவம் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். எந்த லைன் எங்கே போகிறது, எங்கே இறங்கினால் எந்த ஊர்ச் சந்தை என்று ரயில்வேக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிப்காட் பக்கமாகப் போகிற கடலூர்–சிதம்பரம் ரயில் பாதையை இப்போது பார்த்தால் கிளை லைன் மாதிரி தோணலாம். ஆனால் வின்சென்ட் காலத்தில் இதுதான் மெயின் லைன். விருத்தாசலம் வழியாகப் போகிற கார்டு லைன் 1920-களின் கடைசியில்தான் வந்தது. அதுவரை திருச்சியில் இருந்து அந்தக் கம்பெனி ரயிலில் ஏறினால் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சிதம்பரம், கடலூர், விழுப்புரம் என்று சுற்றித்தான் சென்னைக்குப் போய்ச் சேர முடியும்.

வின்சென்ட் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. கூடாரத்தையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வடக்கே லக்னோ, லாகூர், பெஷாவர் வரை போனார். அந்த ஊர்களின் பாஷை, சாப்பாடு, குளிர் எதுவும் பழக்கமில்லாத ஒரு கோயம்புத்தூர் இளைஞர், இருபதுகளின் நடுவில் ஆப்கன் எல்லைப் பக்கம் போய்ப் படம் காட்டிவிட்டு வந்திருக்கிறார். படத்தில் பேச்சு இல்லாதது இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு வரமாகத்தான் இருந்தது.

ஆபத்து இல்லாமலும் இல்லை. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டில் செய்தது. வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரன் என்றே சொல்லலாம். பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. மின்சாரம் இல்லாத ஊர்களில் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தர, எரியும் வாயுவைச் சுண்ணாம்புக் கட்டி மேல் பாய்ச்சிப் பழுக்க வைப்பது போன்ற வழிகளைத்தான் அப்போது பயன்படுத்தினார்கள். ஒரு பக்கம் சுடும் விளக்கு, அதற்கு முன்னால் ஓடும் நைட்ரேட் சுருள், சுற்றிலும் துணிக் கூடாரம், உள்ளே நூற்றுக்கணக்கில் ஆட்கள். 1897 மே மாதம் பாரிஸில் நடந்த ஒரு தர்மச் சந்தையில் சினிமா விளக்கில் இருந்து பிடித்த தீ 120 பேருக்கு மேல் கொன்றது. இந்தியாவில் படம் காட்ட லைசென்ஸ் வேணும், இடம் பாதுகாப்பாக இருக்கணும் என்று சட்டம் வந்தது 1918-ல்தான். அதுவரை கைப்பிடியைச் சுற்றுகிறவரின் கவனம்தான் மொத்தக் கூட்டத்துக்கும் காப்பு. சுற்றுவதை நிறுத்தினால் ஃபிலிம் ஒரே இடத்தில் நின்று சூடேறும். எனவே எது நடந்தாலும் கை நிற்கக் கூடாது.

1909 வாக்கில் சென்னைக்குத் திரும்பிய வின்சென்ட், எஸ்பிளனேட் பகுதியில் கூடாரம் போட்டார். இந்தத் தடவை கூடவே கிராமஃபோன். படம் ஓடும்போது இசைத்தட்டைச் சேர்த்து ஓட்டிப் பாட்டும் சத்தமும் கேட்க வைத்தார். பேசும் படம் வர இன்னும் 20 வருஷத்துக்கு மேல் இருக்கிற நேரத்தில் இது. பாத்தே கம்பெனிக்கு ஏஜென்ட்டாகவும் ஆனார். தான் கற்றுக்கொண்ட தொழிலை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, புரொஜெக்டர் விற்றார். தனக்கே போட்டியை உருவாக்கிக்கொண்டார் என்று சிலர் சொல்லலாம். ஆனால் மெஷின் விற்பதிலும் லாபம் உண்டு இல்லையா!

ஏன் கட்டடத்துக்கு மாறினார்?

இதற்குள் வியாபாரம் மாறிவிட்டது. பெரிய கம்பெனிகள் இந்தியாவிலேயே கிளை திறந்தன. படங்களை விற்பதற்குப் பதிலாக வாடகைக்கு விடும் வழக்கம் பரவியது. வாரத்துக்கு ஒரு புதுப் படம் கிடைக்கும் என்றானபோது ஊர் ஊராக அலைய வேண்டிய அவசியம் போச்சு. படம் மாறினால் அதே சனங்கள் திரும்ப வருவார்கள். 1914-ல் சொந்த ஊரான கோயம்புத்தூரில் வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். அதே வருஷம் சென்னையில் ரகுபதி வெங்கய்யா கெயிட்டி தியேட்டரைத் திறந்தார். கூடாரம் போட்டுப் பழகிய ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் செங்கல்லுக்கு மாறியதில் ஆச்சரியம் இல்லை.

பேருக்கு ஏற்ற மாதிரி வெரைட்டி ஹாலில் படம் மட்டும் இல்லை, மேடை நாடகங்களும் நடந்தன. ஆனால் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி அந்த ஹாலின் எஞ்சின்தான். பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது 1930-களில். அதுவரை தியேட்டருக்குக் கரண்ட் வேண்டும் என்றால் தானே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான். வின்சென்ட் எண்ணெய் எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்தார். படம் ஓடுவது ராத்திரியில். பகல் முழுக்க எஞ்சின் சும்மா கிடக்கணுமா? அந்தக் கரண்டில் ஒரு அச்சகம் ஆரம்பித்தார், அதன் பேரே எலெக்ட்ரிக் பிரின்டிங் வொர்க்ஸ். அரிசி மில், மாவு மில்லும் வைத்தார். மில்லுக்குத் தனி எஞ்சின், தியேட்டருக்குத் தனி எஞ்சின் என்று யோசிக்காமல், சினிமாவுக்காக வந்த மின்சாரத்தில் நோட்டீஸ் அடித்து, அரிசியும் அரைத்தார். அந்தக் காலத்தில் பல ஊர்களில் ஜனங்கள் முதன்முதலாகக் கரண்ட் பல்பைப் பார்த்தது சினிமாக் கொட்டகை வாசலில்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

முதல் உலகப் போர் வந்ததும் ஐரோப்பியப் படங்களின் வரத்து சுருங்கி, அமெரிக்கப் படங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. வாரா வாரம் தொடரும் சண்டைப் படங்களில் எடி போலோ நம்ம ஊரில் பெரிய நட்சத்திரம் ஆனார். 1910-களின் பிற்பாதியில் சென்னையில் நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்து, இங்கேயே ஊமைப்படம் தயாரிக்க முடியும் என்று காட்டினார். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. நைட்ரேட் ஃபிலிம் எரியாமல் தப்பித்தாலும், நம்ம ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் தானாகவே சிதைந்து பொடியாகிவிடும். படம் ஓட்டி முடித்த பழைய சுருளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பேசும் படம் வந்தபோது வின்சென்ட்டுக்கு 50 வயது நெருங்கிவிட்டது. ஊமைப்பட ஆட்கள் பலர் அப்போது தொழிலை விட்டே போனார்கள். இவர் கல்கத்தா பயோனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து, டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ படத்தை 1933-ல் கொண்டுவந்தார். நல்ல வசூல். தமிழ்நாட்டில் ஸ்டூடியோ வசதி இல்லாததால் படம் எடுக்க கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஓட வேண்டியிருந்த காலம் அது. அந்த அலைச்சலைக் குறைக்க, 1930-களின் நடுவில் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோஸைத் தொடங்கிய கூட்டாளிகளில் அவரும் ஒருவர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ பின்னாளில் அங்கேதான் உருவானது. அதைப் பார்க்க வின்சென்ட் இல்லை. 1942 ஏப்ரலில் காலமானார்.

வெரைட்டி ஹால் பிறகு டிலைட் தியேட்டர் என்று பேர் மாறி பல வருஷம் ஓடியது. தியேட்டரின் பழைய பேர் தெருவுக்குத் தங்கிவிட்டது. கோவை ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் வெரைட்டி ஹால் ரோடு என்றால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்.