யார் இந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா? அந்த 'பி' எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் அரச குடும்பத்துப் பெயர்!

விருதுநகர் மாவட்டம் தந்த முதலமைச்சர் யார்னு கேட்டா, எல்லாரும் காமராஜர்னுதான் சொல்வாங்க. ஆனா, அவருக்கு முன்பே இதே மாவட்டத்திலிருந்து ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா.

இனிஷியலில் என்ன இருக்கு?

நம்ம ஊரில் இனிஷியல் என்றால் பெரும்பாலும் அப்பா பெயர், சிலருக்கு ஊர் பெயர். இவருக்கு 'பி' என்பது பூசபாடி. அது வீட்டுப் பெயர். 'எஸ்' என்பது சஞ்சீவி.

ராஜபாளையம் ராஜுக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர்தான் முதலில் வரும். இங்கே வந்த பிறகும் அதை அவர்கள் விடவில்லை.

இதே பெயரில் வேறு யார்?

வட ஆந்திராவின் விஜயநகரம் அரச குடும்பமும் பூசபாடிதான். ஆந்திராவில் அதை 'பூசபாட்டி' என்பார்கள். 1936-ல் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணியின் கேப்டன் 'விஸ்ஸி' அந்தக் குடும்பத்தவர். 2014 முதல் 2018 வரை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சராக இருந்த அசோக் கஜபதி ராஜுவும் அதே குடும்பம்தான்.

அரண்மனை இல்லை, பாட்டி வீடு

பெயர் அரச குடும்பத்துப் பெயர். ஆனா குமாரசாமி ராஜாவின் குழந்தைப் பருவம் அப்படி இல்லை. 1898 ஜூலை 8-ல் பிறந்தவர். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். மூன்று வயதில் தந்தையும் போய்விட்டார். வளர்த்தது பாட்டிதான்.

இளவயதிலேயே காந்தியின் வழிக்கு வந்தார். காங்கிரஸில் சேர்ந்து சத்தியமூர்த்தி போன்ற தலைவர்களோடு பணியாற்றினார். 1937-ல் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனார்.

முதல்வர் நாற்காலி

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகியதும், அன்று தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் ஆதரவோடு குமாரசாமி ராஜா ஆட்சிக்கு வந்தார். அப்போது அந்தப் பதவியின் பெயர் பிரதமர். 1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசானதும் அது முதலமைச்சர் என்று மாறியது. அதாவது, சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமரும் இவரே, சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சரும் இவரே.

இவர் காலத்தில்தான் சென்னையின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு அரசாணையை நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த ஆணையைக் காக்க இவரது அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1951-ல் அங்கேயும் தோற்றது. ஆனா அதே ஆண்டில், இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் வகையில் அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

தோல்வி

1952 பொதுத்தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. முதல்வரே தோற்றுப் போனார். ராஜாஜி ஆட்சி அமைத்தார். குமாரசாமி ராஜா பிறகு 1954 முதல் 1956 வரை ஒடிசா ஆளுநராக இருந்தார். 1957 மார்ச் 16-ல் காலமானார்.

வீடு என்ன ஆச்சு?

ராஜபாளையத்தில் இருந்த தன் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். வீட்டுப் பெயரை இனிஷியலாகக் கடைசிவரை வைத்திருந்தவர், அந்த வீட்டைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.