ப்ளாய்டு ஓல்ஸனும் மின்னஸோட்டாக் குடியானவர் கட்சியும்

உழுது பயிரிடுவோர் பல நாடுகளில் தொகையால் மிக்கவராயினும், தமக்கெனக் கட்சி யொன்று கட்டி, அதனைக் கொண்டு ஆட்சியையும் கைப்பற்றிய செய்தி வரலாற்றில் அருகியே காணப்படுகின்றது. நிலம் அவர்களைச் சிதறி வாழச் செய்கின்றது. பருவம் அவர்களுக்கு ஓய்வு தருவதில்லை. கடன் அவர்களை அஞ்சச் செய்கின்றது. இம்மூன்று தடைகளையுங் கடந்து, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மின்னஸோட்டா மாகாணத்துக் குடியானவர்கள் நகரத் தொழிலாளரோடு கைகோத்து ஒரு கட்சி கண்டனர். அக்கட்சியை அரசு கட்டிலேற்றிய ப்ளாய்டு ஓல்ஸன் என்பாருடைய வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். அவர் ஏர் பிடித்தவரல்லர். நகரத்திற் பிறந்து நகரத்தில் வளர்ந்த வழக்கறிஞர். அவர் கதையின் சுவையும் சிக்கலும் இதனிடத்தேதான் உள்ளன.

முதற்கண் அந்நிலத்தின் குறையை அறிதல் வேண்டும். மின்னஸோட்டாவும் அதற்கு மேற்கேயுள்ள வட டக்கோட்டாவும் கோதுமை விளையும் பெருவெளிகள். நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி முதலிய தேசங்களிலிருந்து குடியேறியோர் அங்கே விளைத்த கோதுமை, உண்பதற்கன்று, விற்பதற்கே. விற்கவேண்டுமாயின் ரெயில் நிலையத்தை யடுத்துள்ள எலிவேட்டர் என்னும் உயர்ந்த தானியக் களஞ்சியத்திற்கு வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும். எடை போடுபவன் களஞ்சியக்காரன். தரம் இன்னதென்று கூறுபவனும் அவனே. அவன் தாழ்ந்த தரமென்று கூறி மலிவாக வாங்கிய கோதுமை, பிறிதொன்றோடு கலக்கப்பட்டுப் பட்டணத்தில் உயர்ந்த தரமாக விலைபோயிற்று என்பது குடியானவர்களின் நெடுநாட் புகார். ரெயில் கட்டணம் ஒரு பக்கம், பாங்கி வட்டி மற்றொரு பக்கம். விளைந்தாலும் நட்டம், விளையாவிடினும் நட்டம்.

1915-ஆம் ஆண்டில், ஆளி விதைப் பயிரில் பெருநட்டம் அடைந்து நொடித்துப்போன டௌன்லி என்பவர், வட டக்கோட்டாவில் கட்சி சாராச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அவருடைய ஆட்கள் போர்டு மோட்டார் வண்டிகளிற் பண்ணை பண்ணையாகச் சென்று சந்தா வசூலித்தனர். கையில் ரொக்கம் இல்லாதவனிடம் அறுவடைக்குப் பின் தேதியிட்ட செக்கைப் பெற்றுக்கொண்டனர். தனிக் கட்சி நடத்துதல் அவர்கள் உபாயமன்று. ஆளும் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலிலேயே தம் ஆட்களை நிறுத்தி, அக்கட்சியை உள்ளிருந்தே கைக்கொள்வதாம். அடுத்த ஆண்டே ஒரு குடியானவர் அம்மாகாணத்தின் கவர்னரானார். 1919-இல் மாகாணத்துக்கே சொந்தமான பாங்கி யொன்று நிறுவப்பட்டது. மாகாணத்துக்கே சொந்தமான மாவு ஆலைக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இவ்விரண்டும் இன்றளவும் நடைபெற்று வருகின்றன.

அச்சங்கம் 1917-இல் மின்னஸோட்டாவில் அடியெடுத்து வைத்தபோது காலம் பகையாயிற்று. அமெரிக்கா போரில் இறங்கிய ஆண்டு அது. சங்கத்தார் தேசத் துரோகிகள் என்று தூற்றப்பட்டனர்; பல ஜில்லாக்களில் அவர்கள் கூட்டம் கூடவும் தடை பிறந்தது. 1918-இல் அவர்கள் சார்பில் கவர்னர் பதவிக்கு நின்ற முன்னாட் காங்கிரஸ் அங்கத்தினர் லிண்ட்பர்க் என்பார், பின்னாளில் அட்லாண்டிக் மாகடலைத் தனியே விமானத்திற் கடந்த வீரரின் தந்தையார். அவர் பட்ட அவமதிப்புகள் சொல்லுந் தரத்தன அல்ல. பூர்வாங்கத் தேர்தலிலேயே தோல்வியுற்றார். வட டக்கோட்டாவிற் பலித்த உபாயம் இங்கே பலிக்கவில்லை. ஆகவே அவ்வாண்டின் பொதுத் தேர்தலில் குடியானவர்-தொழிலாளர் என்னும் புதுப்பெயரோடு ஒருவர் நிறுத்தப்பட்டார். அப்பெயரே கட்சியாக வளர்ந்தது. 1922-இல் ஷிப்ஸ்டெட் என்னும் பல் வைத்தியர் அக்கட்சியின் சார்பில் ஐக்கிய நாட்டு ஸெனட் சபைக்குச் சென்றார். மறு ஆண்டு ஸ்வீடனிற் பிறந்த மாக்னஸ் ஜான்ஸன் என்னும் குடியானவர் சென்றார். கவர்னர் பதவி மட்டும் எட்டாக் கனியாகவே யிருந்தது.

இனி ஓல்ஸனிடம் வருவோம். 1891-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் மின்னியாபொலிஸ் நகரத்தின் வடபாகத்தில் அவர் பிறந்தார். தந்தை நார்வே தேசத்தவர், ரெயில்வேச் சிப்பந்தி. தாய் ஸ்வீடன் தேசத்தவர். வறியோர் வாழும் அவ்வட்டாரத்தில் யூதக் குடும்பங்கள் பல இருந்தன. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டலாகாது என்னும் நியமமுடைய அவ்வீடுகளிற் புகுந்து அடுப்பு மூட்டித்தரும் சிறுவனாக ஓல்ஸன் பழகினார். அவர்தம் யித்திஷ் மொழியையுஞ் சரளமாகப் பேசக் கற்றார். பிற்காலத்தில் வாக்காளர் கூட்டத்தில் அவரவர் மொழியிலேயே அளவளாவும் ஆற்றல் அவருக்கு மிக்க துணை செய்தது.

சர்வகலாசாலையில் அவர் ஓராண்டே நிலைத்தார். கட்டாயமாயிருந்த இராணுவப் பயிற்சிக்கு வர மறுத்ததும், விதிக்கு மாறாக ஒருவகைத் தொப்பி அணிந்து திரிந்ததும் அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை. (மாணவ நேயர்கள் இவ்விடத்தில் மகிழவேண்டா; அவர் பின்னர்ப் பகலில் உழைத்து இரவிற் சட்டம் பயின்ற பாட்டையுங் கேட்டல் வேண்டும்.) கல்வியை விட்டுக் கனடாவிலும் அலாஸ்காவிலும் அலைந்து, ஸியாட்டில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். தொழிலாளர் இயக்கத்தின் தீவிர எண்ணங்கள் அவருள்ளத்திற் பதிந்தது அங்கேதான். 1913-இல் ஊர் திரும்பி, 1915-இற் சட்டப் பட்டம் பெற்றார். 1920-இல் மின்னியாபொலிஸ் அடங்கிய ஹென்னிப்பின் ஜில்லாவின் பிராசிக்யூட்டராக அமர்ந்தார். பத்தாண்டு அப்பதவியிலிருந்து, லஞ்சம் வாங்கிய நகரசபை அங்கத்தினரையும் கூண்டிலேற்றினார். கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் நிறவெறிக் கூட்டத்தின் உள்ளூர்த் தலைவன் நகராண்மைத் தலைவரை அவதூறு செய்தபோது, அவனுக்கு 1923-இல் தண்டனை வாங்கித் தந்தார்.

1924-இல் குடியானவர்-தொழிலாளர் கட்சியார் அவரைக் கவர்னர் பதவிக்கு நிறுத்தினர். சற்றேறக்குறைய 40,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 1928-இல் நிற்குமாறு மீண்டும் அழைத்தபோது மறுத்துவிட்டார். காலம் கனியும் வரை காத்திருந்தார் என்பதே எம் கருத்து. 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. 1930-இல் அவர் நின்றார். நூற்றுக்கு 59 வாக்குகள் பெற்று வென்றார். மின்னஸோட்டாவில் அக்கட்சியின் முதற் கவர்னர் அவரே.

ஆயினும் வெற்றி அரைகுறையே. மாகாணச் சட்டசபை அங்கத்தினர்கள் அந்நாளிற் கட்சிப் பெயரின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மேற்சபையோ பழமை விரும்புவோர் கையில் இருந்தது. முதல் இரண்டாண்டில் அவர் மிதமாகவே நடந்தார். அதற்குள் கிராமங்களின் நிலை படுமோசமாயிற்று. 1919-இல் புஷல் ஒன்றுக்கு இரண்டு டாலருக்கு மேல் விற்ற கோதுமை, 1932-இல் 40 சென்டுக்குங் கீழே இறங்கியது. நல்ல விலைக்காலத்தில் பட்ட கடனோ ஒரு சென்டும் குறையவில்லை. அடமானம் மூழ்கிற்று, பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருங்கு திரண்டு ஏலக் களத்தைச் சூழ்ந்து நின்று, பிறர் எவரும் வாய் திறவாதபடி அச்சுறுத்தி, மாட்டையுங் கலப்பையையுங் காசுக்கும் அரைக் காசுக்கும் எடுத்து உரியவனிடமே திருப்பித் தந்த நிகழ்ச்சிகள் பல.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஓல்ஸன் ஒரு துணிவான காரியஞ் செய்தார். சட்டசபை ஒரு வழி காணும்வரை அடமான ஏலங்களை நிறுத்தி வைக்குமாறு ஷெரீபுகளுக்குக் கட்டளை பிறப்பித்தார். அங்ஙனம் கட்டளையிடக் கவர்னருக்கு அதிகாரம் உண்டா என்பது ஐயத்துக்கு இடமான கேள்வி. கேள்விக்கு விடை வருமுன் சட்டசபை ஏப்ரல் மாதத்தில் அடமானத் தவணைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏலம் போன சொத்தை ஓராண்டுக்குள் மீட்கலாம் என்பது பழைய விதி. இப்போது நியாயஸ்தலம் அத்தவணையை நீட்டலாம், கடனாளி அதுவரை நியாயமான வாடகை செலுத்திச் சொத்தை அனுபவிக்கலாம் என்றாயிற்று. கடன் தள்ளுபடி செய்யப்படவில்லை என்பதைக் கருதுக. காலம் ஒன்றே கொடுக்கப்பட்டது. ஒப்பந்தங்களைக் குலைக்கும் சட்டம் எந்த மாகாணமும் இயற்றலாகாது என்னும் அரசியல் விதியைக் காட்டி இதனை எதிர்த்தனர். வழக்கு வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1934 ஜனவரியில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று தீர்ப்பளித்தனர், சட்டம் பிழைத்தது. நெருக்கடிக் காலத்தில் அரசினர் எவ்வளவு தலையிடலாம் என்பதற்கு அவ்வழக்கை இன்றும் சட்ட மாணவர் பயில்கின்றனர்.

1933 ஏப்ரலில், நிவாரணப் பணத்துக்கு மேற்சபை இணங்காதிருந்தபோது, சட்டசபை மாளிகைப் படியில் நின்று ஓல்ஸன் பசித்த கூட்டத்தாரிடம் பேசினார். நிவாரணம் தராவிடின் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவருவதாகவும், செல்வர் தம் பொருளைக் கைப்பற்றத் தயங்கப்போவதில்லை யெனவும் எச்சரித்தார். உண்மையில் அவ்வாறு செய்திருப்பாரா? செய்யாது காரியஞ் சாதிக்கவே அவ்வாறு பேசினார் என்றே நாம் கருதுகின்றோம். அச்சபையே அவ்வாண்டில் வருமான வரி விதித்து, அதன் வருவாயைப் பள்ளிக்கூடங்களுக்கு ஒதுக்கியது.

குடியானவரையும் தொழிலாளரையும் ஒரே கட்சியில் வைத்திருத்தல் எத்துணைக் கடினம் என்பதை 1934 காட்டியது. மின்னியாபொலிஸில் லாரி ஓட்டிகள் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஜூலை 20-இல் போலீஸார் சுட்டதில் 67 பேர் குண்டுபட்டனர், இருவர் மாண்டனர். ஓல்ஸன் இராணுவச் சட்டத்தை விளம்பி, மாகாணப் படையை நகருள் இறக்கினார். ஆகஸ்டு முதல் தேதி அப்படை வேலைநிறுத்தக்காரரின் தலைமை நிலையத்தையே வளைத்துத் தலைவர்களைக் கைது செய்தது. தொழிலாளரின் கவர்னர் தொழிலாளரையே சிறை செய்தார் என்ற கூக்குரல் எழுந்தது. சின்னாட்களில் முதலாளிமார் சங்கத்தின் காரியாலயமும் சோதிக்கப்பட்டது, கைதானோர் விடுதலையாயினர், ஆகஸ்டிலேயே தொழிலாளருக்குச் சாதகமான உடன்பாடும் ஏற்பட்டது. இருதரத்தாரும் அவரை ஏசினர். அவ்வாண்டுக் கட்சி மகாநாடு, பாங்கிகளும் பெருந்தொழில்களும் பொதுவுடைமையாதல் வேண்டுமென்று தீர்மானித்துச் சிறு நிலத்தாரையும் கடைக்காரரையும் கலங்கச் செய்தது. ஓல்ஸன் ஊரூராகச் சென்று அதற்கு மென்மையான பொருள் கூறவேண்டியதாயிற்று. நவம்பரில் அவரே வென்றாராயினும், பாதிக்குக் குறைந்த வாக்குகளே பெற்றார்.

அவர்பால் குறையில்லை என்று கூறோம். மாகாண உத்தியோகங்கள் கட்சிக்காரருக்கே வழங்கப்பட்டன. உத்தியோகம் பெற்றோர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குச் செலுத்தினர். பண்ணைதோறும் வசூலித்த சந்தாவிற் பிறந்த இயக்கம், சம்பளப் பட்டியலை நம்பி வாழத் தொடங்கியது. கட்சியின் வேர் அரித்தது இங்கேதான் என்று எண்ணுகின்றோம்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோடு அவர் கொண்ட நட்பும் கட்சியின் போக்கை மாற்றியது. 1936-இல் தேசிய மூன்றாங் கட்சி யொன்றுக்கு அவர் தலைமை பூணுவார் எனப் பலர் எதிர்பார்த்திருக்க, அவர் ரூஸ்வெல்ட்டையே ஆதரித்து, தாம் ஸெனட் சபைக்கு நின்றார். ஆனால் 1935 டிசம்பரிலேயே ராச்செஸ்டரிலுள்ள மேயோ வைத்தியசாலையில் அவருக்கு ரணசிகிச்சை நடந்திருந்தது. நோய் புற்று. 1936 ஆகஸ்டு 22-ஆம் நாள், தம் 44-ஆம் வயதில், தேர்தலுக்கு ஏறக்குறையப் பத்து வாரம் இருக்கையில், உயிர் நீத்தார். மனைவியும் ஒரே மகளும் எஞ்சினர்.

அவர் நினைவின் வேகத்திலேயே எல்மர் பென்ஸன் அந்நவம்பரில் மாபெரும் வெற்றியோடு கவர்னரானார். தலைவர் போனபின் வழக்கு முற்றியது. ஹ்யால்மார் பீட்டர்ஸன் பென்ஸனை எதிர்த்துப் பூர்வாங்கத் தேர்தலில் நின்றார். கட்சிக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. யூதரைப் பழித்து வாக்குச் சேர்க்கும் இழிசெயலும் 1938-இல் தலைகாட்டியது. யூத வீடுகளில் அடுப்பு மூட்டிய சிறுவன் வளர்த்த கட்சியைக் குலைக்க அதுவே கருவியானமை வருந்தற்பாலது. அவ்வாண்டு 31 வயதினரான ரிபப்ளிகன் ஹெரால்ட் ஸ்டாஸன் பென்ஸனைப் படுதோல்வியடையச் செய்தார். மறு ஆண்டில் தகுதி பார்த்து உத்தியோகம் வழங்குஞ் சட்டமும் இயற்றினார். சம்பளப் பட்டியலும் கைவிட்டுப் போயிற்று. 1940-இல் ஷிப்ஸ்டெட் ரிபப்ளிகன் கட்சியிற் சேர்ந்தார்.

மின்னஸோட்டாவின் டெமாக்ரடிக் கட்சியோ நெடுங்காலமாக மூன்றாமிடத்தில் மெலிந்து கிடந்தது. ஆனால் வாஷிங்டனில் ஆட்சி அதனுடையது. ஒன்றில் வாக்காளர் உண்டு, ஆதரவில்லை. மற்றொன்றில் ஆதரவு உண்டு, வாக்காளர் இல்லை. 1944 ஏப்ரலில் இரண்டும் ஒன்றாயின. இணைப்புக்கு உழைத்தோரில் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி என்னும் இளைஞர் ஒருவர். இணைந்த வீட்டிலும் அமைதியில்லை. 1946-இல் பென்ஸன் பிரிவினர் மேலோங்கினர். 1948-இல் ஹம்ப்ரி பிரிவினர் அவரை வெளியேற்றினர். அவ்வாண்டே ஹம்ப்ரி ஸெனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னர் 1965 முதல் 1969 வரை உப ஜனாதிபதியாகவும் இருந்தார். டௌன்லி தொடங்கிய வட டக்கோட்டாச் சங்கமும் 1956-இல் அங்குள்ள டெமாக்ரடிக் கட்சியோடு கலந்தது.

மின்னஸோட்டாவில் அக்கட்சி இன்றும் டெமாக்ரடிக்-குடியானவர்-தொழிலாளர் கட்சி என்றே வழங்குகின்றது. ஓல்ஸன் பிள்ளைப் பிராயத்தில் ஓடியாடிய வட மின்னியாபொலிஸின் ஆறாவது வீதி, அவர் மறைந்தபின் அகலமான நெடுஞ்சாலையாக்கப்பட்டு அவர் பெயர் பெற்றது. சாலையை அகலப்படுத்தியபோது அவர் அறிந்த யூதர் கடைகளும் வீடுகளும் இடிக்கப்பட்டன. அச்சாலையோரத்தில் அவருடைய வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.