ஆறு பிள்ளைகளின் தாய்

சோதனைச் சாலையில் பகலைக் கழிக்கும் எனக்கும் நாவலுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் வியக்கலாம். தேர்வு முடிந்த விடுமுறையில் விடுதித் தோழி ஒருத்தி ஒரு சிறு நூலை என் கையில் திணித்தாள். ‘தி அவேக்கனிங்’ என்னும் அமெரிக்க நாவல் அது. ‘விழிப்பு’ என்று தமிழில் சொல்லலாம். ஒரே இரவில் படித்து முடித்தேன். முடித்தபோது எனக்குக் கோபமே மிஞ்சியது.

கதைத் தலைவி எட்னாவுக்கு வயது 28. வசதி மிக்க கணவனும் இரண்டு ஆண் குழந்தைகளும் உண்டு. ஆயினும் எந்த உறவும் அவளுக்கு ஒட்டவில்லை. இளமையிலேயே தாயை இழந்தவள் அவள். தந்தையோ கண்டிப்பே உருவானவர். உடன்பிறந்தாள் திருமணத்துக்குப் போகவும் மறுத்துவிடுகிறாள். கணவன் அவளைத் தன் உடைமைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறான். குழந்தைகளை ஒரு வேளை வாரி அணைப்பாள். மறு வேளை மறந்துவிடுவாள். அவள் மனம் வேறொருவனை நாடுகிறது. குழந்தைகள் பாட்டி வீட்டில் இருக்கையில், கணவன் வீட்டை விட்டுத் தனி வீடு புகுகிறாள். முடிவில் கடலில் நீந்திச் சென்றவள் கரை திரும்பவே இல்லை.

இவளும் ஒரு தாயா என்று என் மனம் கேட்டது. இப்படி ஒருத்தியைப் படைத்தவர் எத்தகையவரோ என்றும் ஐயுற்றேன். அந்த ஐயம்தான் கேட் ஷோபனின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது.

கேட் 1850இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறிய வணிகர். 1855இல் புதிய இருப்புப் பாதையின் முதல் ரயிலில் அவர் சென்றார். ஆற்றுப் பாலம் இடிந்தது. மாண்டவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அவ்வீட்டில் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என மூன்று கைம்பெண்கள் இருந்தனர். பிரெஞ்சு மொழியும் இசையும் கதைகளும் குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டி தந்த செல்வங்கள்.

1870இல் ஆஸ்கார் ஷோபன் என்பவரை மணந்து நியூ ஆர்லியன்ஸ் சென்றார். கணவர் பருத்தி வணிகர். பத்தாண்டு நிறையுமுன் ஐந்து ஆண்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். 1879இல் வணிகம் நொடித்தது. குடும்பம் லூசியானாவில் ஒரு சிற்றூருக்குப் பெயர்ந்து கடை வைத்தது. 1882இல் மலேரியா கணவரைக் கொண்டுபோயிற்று. அவர் விட்டுச் சென்றது பெருங்கடன். கைம்பெண்ணுக்கோ வயது 32.

கேட் அழுது ஓயவில்லை. கடையையும் நிலத்தையும் தாமே நடத்தினார். 1884இல் பிள்ளைகளுடன் தாய்வீடு திரும்பினார். மறு ஆண்டே தாயும் மறைந்தார். துயரில் ஆழ்ந்தவரை எழுதும்படி தூண்டியவர், நண்பரான ஒரு மருத்துவர். தனி அறை தேடாமல், பிள்ளைகள் சூழ்ந்திருந்த கூடத்திலேயே அமர்ந்து எழுதினார். ஏறத்தாழ நூறு சிறுகதைகள் அவ்வாறு பிறந்தன.

1899இல் ‘விழிப்பு’ வெளிவந்தது. நடையைப் புகழ்ந்தவர்கள் கூடப் பொருளைப் பழித்தனர். 1900இல் அடுத்த கதைத் தொகுதியைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினர். அதன்பின் அவர் எழுதியது குறைவு. 1904 ஆகஸ்டில் தம் ஊரில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சென்று வந்தவர் அன்றிரவே நோயுற்றார். இரண்டு நாளில் உயிர் நீத்தார். வயது 54. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவருடைய எழுத்துகளை 1969இல் நார்வே அறிஞர் பெர் சேயர்ஸ்டெட் முழுமையாகத் தொகுத்தார். அதன் பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இங்கே என் கோபம் தலைகுனிந்தது. எட்னா வேறு, கேட் வேறு. ஆறு பிள்ளைகளையும் தனியே நின்று ஆளாக்கியவர், அவர்களை விட்டு ஓடியவர் அல்லர். அதே நாவலில் பிள்ளைகளுக்காகவே வாழும் அடேல் என்னும் தாயையும் அன்போடு தீட்டியிருக்கிறார். எட்னாவைப் போற்றும்படி அவர் கேட்கவில்லை, தூற்றும்படியும் சொல்லவில்லை. தாய்க்குள்ளும் தனியாக ஓர் உயிர் உண்டு என்று காட்டினார், அவ்வளவுதான். வெப்பமானி காய்ச்சலைக் காட்டினால் வெப்பமானியையா உடைப்பது? அறிவியல் படிக்கும் நானும் அன்றைய விமரிசகர்களைப் போல அதைத்தான் செய்ய இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். அம்மா கணக்கில் கெட்டிக்காரி. திருமணத்தால் படிப்பை நிறுத்தியவர். அந்தப் படிப்பை நினைப்பதுண்டா என்று கேட்டேன். இருபத்து மூன்று ஆண்டுகளில் நான் கேட்காத கேள்வி அது. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, தம் கணக்கு நோட்டில் மீதியிருந்த தாள்களில்தான் நான் பிறந்த ஆண்டின் பால் கணக்கை எழுதியதாகவும், அந்த நோட்டு இன்னும் பெட்டியில் இருப்பதாகவும் சொன்னார்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கணக்கை அல்ல, அதற்கு முந்திய பக்கங்களை.