முத்துலட்சுமியின் பன்னிரண்டு படுக்கைகள்

தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளில் ஜூலை 30 மருத்துவமனை தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள் அது. தேவதாசி முறை ஒழிப்போடு அவர் வரலாற்றை முடித்துவிடுவது எங்கள் மாவட்ட மேடைகளின் வழக்கம். பொருளியல் கற்பித்த எனக்கு அவர் வாழ்வில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்ட நோயாளிக்குச் செலவிடுவது வீண் என்னும் கணக்கை அவர் ஏற்கவில்லை.

தந்தை நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்களே பயின்ற அக்கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். சட்டமன்ற மேலவைத் துணைத் தலைவர் பதவியும், காந்தியடிகள் கைதானபோது 1930இல் அதைத் துறந்ததும், அவ்வை இல்லமும் பலரும் அறிந்தவை.

சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டுமென்று பல ஆண்டுகள் அலைந்தார். எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்பதே அதிகாரத்தில் இருந்தோரின் எண்ணமாக இருந்தது. 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கியது. 1968 ஜூலை 22 அன்று அவர் மறைந்தார்.

அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே கணக்கு மீண்டும் எழுந்தது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது. பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு, பிணை கொடுக்க ஆளின்றிச் சென்னைக் காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களின் இரத்தம் அது. முத்துலட்சுமி முன்னின்று கொணர்ந்த 1930ஆம் ஆண்டு விபசார விடுதி ஒழிப்புச் சட்டமும் அதன் வழித்தோன்றல்களும் பெண்களையே அடைத்துவைக்கப் பயன்பட்டன என்ற விமர்சனத்தை நான் மறுக்கவில்லை.

எச்.ஐ.வி. தானே ஆளைக் கொல்வது அரிது. எதிர்ப்பாற்றல் சரிந்ததும் காசநோய், நிமோசிஸ்டிஸ் நிமோனியா, மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை ஆகியவை உள்ளே நுழைகின்றன. இவற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்றுகள் என்கிறோம். பெரும்பாலானவற்றுக்கு மருந்து உண்டு. நிமோசிஸ்டிஸைக் கோட்ரைமாக்சசோல் என்னும் மலிவான மாத்திரையே தடுக்கும். ஆயினும் பல மருத்துவமனைகள் இந்நோயாளிகளைத் திருப்பி அனுப்பிய காலத்தில், காசநோய்க்கென 1928இல் தோன்றிய தாம்பரம் சானடோரியம்தான் அவர்களுக்குப் புகலிடம் தந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்குகிறது. 2017 முதல், சிடி4 அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும் தொற்று உறுதியானவுடன் மருந்து உண்டு.

இருந்தும் சிலர் சிடி4 இருநூறுக்குக் கீழே இறங்கிய பிறகே படுக்கைக்கு வருகிறார்கள். மருந்துக்கு விலையில்லை, மருந்து வாங்கும் வரிசையில் உறவினர் கண்ணில் படுவதற்குத்தான் விலை. தினம் ஒரு மாத்திரையில் முடிந்திருக்கவேண்டியது, மூளையுறை அழற்சியானால் ஆம்போடெரிசின் ஏற்றும் நாள்களாகவும் தீவிரக் கண்காணிப்பாகவும் மாறுகிறது. எங்கள் வானம் பார்த்த பூமியில் கூலிக்குச் செல்பவர் படுத்தால் அவர் கூலியும் போகிறது, துணைக்கிருப்பவர் கூலியும் போகிறது. பாகுபாட்டைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரிசையில் நிற்பவரின் அச்சத்தை எடுத்துவிட முடியவில்லை.

வரும் ஜூலை 30 அன்று ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும், கடந்த ஓராண்டில் சந்தர்ப்பவாதத் தொற்றோடு அனுமதிக்கப்பட்ட பிறகே தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர் என்று, பெயர்களின்றி எண்ணிக்கையை மட்டும் வெளியிடலாம். மாலை அணிவிப்பு அதன்பின் நடக்கட்டும்.