40 மணி நேரத்தில் எழுத்தறிவு.. பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவது எப்படி? யார் இந்த பாவ்லோ ஃப்ரெய்ரே?

நாள் முழுக்க உழைச்சு களைச்சு வர்ற ஒருத்தரை உட்கார வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தால் எத்தனை நாள் வருவார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்தான் பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே.

பசியில் வளர்ந்தவர்

1921-ல் ரெசிஃபே நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் வறுமையில் விழுந்தது; 13 வயதில் அப்பாவும் இறந்துவிட்டார். பசியோடு வகுப்பில் உட்கார்ந்தால் பாடம் மண்டையில் ஏறாது என்பதை அப்போதே அனுபவித்தார். சட்டம் படித்தும் வக்கீலாக நீடிக்கவில்லை. தொழிலாளர் நல அமைப்பு ஒன்றில் கல்விப் பணிக்கு வந்தார்.

பாடம் கற்றுக் கொடுத்த தொழிலாளி

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று ஒருநாள் தொழிலாளர்களிடம் நீளமாகப் பேசினார். பேசி முடித்ததும் ஒரு தொழிலாளி எழுந்தார். ஃப்ரெய்ரேவின் வீட்டில் எத்தனை அறை, என்ன வசதி என்று பார்த்தது போலவே விவரித்தார். பிறகு, ஒற்றை அறையில் பசித்த பிள்ளைகளோடு வாழும் தங்கள் நிலையைச் சொன்னார். ஃப்ரெய்ரே வாயடைத்துப் போனார். தான் சொன்னது அவர்களுக்குப் புரியலையோ என்று வீடு திரும்பும்போது வருத்தப்பட்டார். அவர்களை நீங்கதான் புரிஞ்சுக்கலையோ என்று திருப்பிக் கேட்டார், ஆசிரியையான மனைவி எல்சா.

அவர் முறை என்ன?

முதலில் ஊருக்குள் போய் மக்கள் பேசுவதைக் கேட்பது. அவர்கள் தினமும் புழங்கும் சொற்களில் சிலவற்றை மட்டும் எடுப்பது. அப்படி ஒன்று 'டிஜோலோ', அதாவது செங்கல். முதலில் படத்தைக் காட்டி அந்த வேலையைப் பற்றியே பேச விடுவார்கள். பிறகு சொல்லை டி-ஜோ-லோ என்று பிரிப்பார்கள். டா, டே, டி.. லா, லே, லி.. என வரிசை விரியும். லு, டா சேர்ந்தால் 'லுடா', அதாவது போராட்டம். லோ, ஜா சேர்ந்தால் 'லோஜா', அதாவது கடை. புதுச் சொற்களைப் படிப்பவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஆட்சிக்கு ஏன் பயம்?

1963-ல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 பேர் 40 மணி நேர வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றனர். நிறைவு விழாவுக்கு அதிபர் கோலார்ட்டே வந்தார். நாடு முழுக்க இதை விரிவாக்கத் திட்டம் தயாரானது.

அப்போது பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. ஏழைகள் படித்தால் ஓட்டுக் கணக்கே மாறிவிடும்! 1964-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் திட்டத்தை மூடியது. ஃப்ரெய்ரேவைச் சுமார் 70 நாள் சிறையில் வைத்தது. பிறகு பொலிவியா, சிலி என நாடு நாடாக அலைந்தார். 'ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலைக்கான கல்விமுறை' நூல் சிலியில்தான் உருவானது.

1980-ல் தாய்நாடு திரும்பியவர், 1989-ல் சாவ் பாவ்லோ நகரக் கல்வித் துறைக்குப் பொறுப்பேற்றார். 1997 மே 2-ல் காலமானார்.

உலகமே ஆசான் என்று கொண்டாடியபோதும் அந்தத் தொழிலாளியை அவர் மறக்கவில்லை. 70 வயதைத் தாண்டி வெளியிட்ட நூலிலும் அந்த மாலையைப் பற்றி எழுதியிருக்கிறார்.