பெல்ஹெல்வி போதகரும் ஒரு துளி நெருப்பும்

சின்ன வயசுல தீபாவளிக்கு வாங்கித் தந்த பொம்மைத் துப்பாக்கி ஞாபகம் இருக்கா? சிவப்புக் காகிதத்துல சுருள் கேப்பை மாட்டி, விசையை இழுத்தா டப்புன்னு வெடிக்கும். அதுக்குத் தீப்பெட்டி தேவையில்ல, திரியும் தேவையில்ல. அடி விழுந்தா போதும். ரெண்டு மூணு நாள்ல அது சரியா வெடிக்காமப் போறதையும் பார்த்திருப்பீங்க. சுத்தி விழற இடத்துல கரி படிஞ்சு, ஒரு மாசத்துல துரு ஏறி, பொங்கலுக்கு அது குப்பைக்குப் போயிடும்.

அடிச்சா நெருப்பு வரும் என்ற இந்த விஷயத்தை முதன்முதலில் ஒரு நிஜத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்தவர் ராணுவத்துக்காரர் இல்லை. இன்ஜினியரும் இல்லை. ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்து சர்ச்சின் போதகர். பெயர் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித். துப்பாக்கி வரலாறு படிக்கிறவங்களுக்கு ரொம்பத் தெரிஞ்ச பெயர். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கும் தெரிஞ்சிருக்கணும்னு நினைக்கிறேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

ஃபோர்சித் 1768 டிசம்பரில் அபர்டீன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்ஹெல்வியில் பிறந்தார். அப்பா அதே ஊர் போதகர். மகன் அபர்டீன் கிங்ஸ் காலேஜில் படித்து முடித்து, அப்பாவுக்குப் பிறகு 1791ல் அதே சர்ச்சுக்குப் போதகராக வந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாட்களில் ஊர்க்காரர்களின் கல்யாணம், சாவு, ஞானஸ்நானம். மீதி நேரத்தில் அவருக்கு மூன்று பைத்தியம்: வேதியியல், பட்டறை வேலை, பறவை வேட்டை.

வேட்டையில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. அது புரியணும்னா அந்தக் காலத்துத் துப்பாக்கி எப்படி வேலை செய்யும்னு கொஞ்சம் பார்க்கணும். குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே குண்டைப் போட்டுக் குச்சியால் இடித்துக் கெட்டிப்பார்கள். குழாயின் அடியில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டைக்கு வெளியே ஒரு சின்னத் தட்டு, அதில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் ஓர் எஃகுத் தகட்டில் உரசும், பொறி தட்டில் விழும், தட்டு மருந்து பற்றும், அந்த நெருப்பு ஓட்டை வழியாக உள்ளே போகும். அப்புறம்தான் குண்டு கிளம்பும்.

எத்தனை ஸ்டெப் பாருங்க. ஒவ்வொன்றிலும் தவறு நடக்கலாம். கல்லின் முனை மழுங்கினால் பொறி வராது. எஃகில் எண்ணெய் இருந்தால் வராது. தட்டு மருந்து ஈரமானால் பற்றாது. ஓட்டையில் கரி அடைத்தால் வெளியே மட்டும் புஸ்ஸுனு எரிஞ்சு உள்ளே ஒண்ணும் நடக்காது. அதனால அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய் தன் பெல்ட்டில் ஒரு கம்பி ஊசியையும் ஒரு குட்டி பிரஷ்ஷையும் தொங்கவிட்டிருப்பான். ஊசி ஓட்டையைக் குத்த, பிரஷ் தட்டைத் துடைக்க. சண்டைக்கு நடுவிலேயே மெயின்டனன்ஸ்!

எல்லாம் சரியாக இருந்தாலும் தாமதம் இருக்கும். ஒரு கணக்குக்கு இப்படி வைங்க: வாத்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறக்குது, விசை இழுத்ததுக்கும் குண்டு கிளம்பறதுக்கும் நடுவில் 0.05 வினாடி. அதுக்குள்ள வாத்து 1 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தாலாவது பழகிக்கலாம். கல் எவ்வளவு கூர், ஓட்டை எவ்வளவு சுத்தம் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். குறி தவறுவதற்குக் கண் காரணம் இல்லை, பற்றவைக்கும் பாகம்தான் காரணம். ஃபோர்சித்துக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. தட்டில் தெரியும் பளிச்சைப் பார்த்தே பறவைகள் உஷாராகித் தப்பிவிடும்.

அந்த நேரத்தில் அடித்தால் வெடிக்கும் உப்புகளைப் பற்றி வேதியியலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் பெர்த்தோலே பொட்டாசியம் குளோரேட்டைக் காட்டியிருந்தார். 1800ல் லண்டனில் எட்வர்ட் ஹோவர்ட் மெர்க்குரி ஃபுல்மினேட் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதினார். கருமருந்துக்குப் பதிலாக இவற்றையே துப்பாக்கிக்குள் கெட்டிக்கலாமா என்றுதான் முதலில் முயன்றார்கள். அது அழிவில் முடிந்தது. வேகம் அதிகம், குழாயே கிழிந்துவிடும்.

ஃபோர்சித் வேறு மாதிரி யோசித்தார். குண்டைத் தள்ளுவது கருமருந்தின் வேலையாகவே இருக்கட்டும், இந்த உப்பு பற்றவைக்க மட்டும் போதும். அதுவும் ஒரு துளி. தட்டு வேண்டாம், கல் வேண்டாம், பளிச்சும் வேண்டாம். ஒரு சுத்தி அடிக்கும், நெருப்பு நேராக உள்ளே போகும். பல வருஷம் சோதனை செய்து, 1805 வாக்கில் தன் வேட்டைத் துப்பாக்கியில் அதை வேலை செய்ய வைத்துவிட்டார்.

1806ல் அதை எடுத்துக்கொண்டு லண்டன் போனார். ஆயுதத் துறைக்குத் தலைவராக இருந்த மொய்ரா பிரபுவுக்கு அது பிடித்துப்போனது. டவர் ஆஃப் லண்டனிலேயே ஓர் இடம் கொடுத்து, ராணுவத்துக்கு ஏற்ற மாதிரி செய்து தரச் சொன்னார். கிராமத்துச் சர்ச்சைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை ஏற்பாடு செய்துவிட்டு, போதகர் கோட்டைக்குள் பட்டறை போட்டு உட்கார்ந்தார்.

ஒரு வருஷம்கூட நிம்மதி இல்லை. 1807ல் அரசாங்கம் மாறியது. மொய்ரா போய் சாத்தம் பிரபு வந்தார். வந்தவர் வேலையை நிறுத்தி, ஃபோர்சித்தைச் சாமான்களோடு கிளம்பச் சொல்லிவிட்டார். கைடு மாறினதும் ப்ராஜெக்ட் தலைப்பே போயிடற கதை நமக்குத் தெரியாததா!

அவர் அழுதுகொண்டு ஊருக்குப் போகவில்லை. 1807 ஏப்ரலில் பேட்டன்ட் வாங்கினார். பேட்டன்ட் எழுத அவருக்கு உதவியவர் ஜேம்ஸ் வாட், நம்ம ஸ்டீம் இன்ஜின் வாட்தான். அடுத்து பிக்காடில்லியில் கடை திறந்து விற்கவும் ஆரம்பித்தார்.

அந்தக் கடையில் விற்ற லாக் பார்க்க ஒரு சின்ன அத்தர் பாட்டில் மாதிரி இருக்கும். பெயரே அப்படித்தான் வந்தது. பாட்டிலுக்குள் பல தடவைக்கான வெடி உப்பு. பாட்டிலைத் திருப்பினால் ஒரு துளி கீழே விழும், திரும்பவும் பழைய நிலைக்குத் திருப்பினால் மேலே அடிக்கும் ஊசி வந்து நிற்கும். அருமையான டிசைன். ஆனா யோசிச்சுப் பாருங்க: அடிச்சா வெடிக்கிற பொடி நகரும் பாகங்களுக்கு நடுவில் இருக்கு. தேய்மானம் வந்தாலோ, இடுக்கில் பொடி புகுந்தாலோ ஆபத்து. மேலும் குளோரேட் எரிந்தால் மிச்சமாகப் பொட்டாசியம் குளோரைடு தங்கும். அதுவும் ஓர் உப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் தடவினால் போகாது, எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து தின்னும். தண்ணீர்தான் அதைக் கரைக்கும்.

பொறுமையும் வசதியும் உள்ள வேட்டைக்காரர் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கழற்றித் துடைப்பார். சேற்றில் படுத்திருக்கும் சிப்பாய் துடைப்பானா? அது ஒரு நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஃபோர்சித்திடம் இருந்து வரவில்லை. அவர் காலத்திலேயே பல பேர் முயன்று வந்து சேர்ந்த பதில், செம்புக் கேப். ஒரு குட்டிக் கிண்ணத்துக்குள் துளி மருந்தை ஃபேக்டரியிலேயே வைத்து அடைத்துவிட்டார்கள். அதைத் துப்பாக்கியில் இருக்கும் துளையுள்ள நிப்பிள் மேல் மாட்டினால் போதும். அமெரிக்காவுக்குக் குடிபோன ஜோஷுவா ஷா உட்பட பலர் அதற்கு உரிமை கோரினார்கள். தன் பேட்டன்டை மீறினவர்கள் மேல் ஃபோர்சித் கம்பெனி வழக்குப் போட்டு ஜெயித்தது. ஆனால் 1821ல் பேட்டன்ட் காலம் முடிந்தது. அதன் பிறகு யாரும் செய்யலாம்.

ராணுவம் மெதுவாக விழித்தது. 1834ல் வூலிச்சில் ஒரு டெஸ்ட் நடத்தினார்கள். 6 கல் துப்பாக்கி, 6 கேப் துப்பாக்கி, ஒவ்வொரு வகையிலும் 6,000 ரவுண்டு. கல் துப்பாக்கி 922 தடவை வெடிக்கவில்லை. கேப் துப்பாக்கி 36 தடவை மட்டுமே. அதாவது 15 சதவீதம் எங்கே, 0.6 சதவீதம் எங்கே! அப்படியும் எல்லாப் படைக்கும் புதுத் துப்பாக்கி போய்ச் சேர வருஷங்கள் ஆயின.

அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்களில் நம்ம பக்கத்து ஆட்களும் உண்டு. 1841 மே மாதம், அபின் போர் நேரம், சீனாவில் கான்டன் நகருக்கு வெளியே. 37வது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் ஒரு கம்பெனி கொட்டும் மழையில் தனியாக மாட்டிக்கொண்டது. சுற்றிலும் தங்கள் ஊரைக் காக்கத் திரண்டு வந்த கிராமத்து மக்கள், ஆயிரக்கணக்கில். சிப்பாய்களிடம் இருந்தது கல் துப்பாக்கி. தட்டு மருந்து நனைந்துவிட்டது, எதுவும் வெடிக்கவில்லை. பயனெட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கேப் துப்பாக்கி வைத்திருந்த மரைன் படை வந்து அவர்களை மீட்டது. அந்தப் போரில் நியாயம் யார் பக்கம் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, அது அந்தக் கிராமத்துக்காரர்கள் பக்கம்தான். ஆனால் எவனோ ஒருவனின் வியாபாரத்துக்காகக் கப்பல் ஏறிப் போன மெட்ராஸ்காரன், 34 வருஷம் முன்னாடியே பேட்டன்ட் ஆன ஒரு சின்னப் பாகம் கையில் இல்லாமல் மழையில் நின்றதை நினைத்தால் மனசு என்னவோ செய்யுது.

ஃபோர்சித் அப்போது பெல்ஹெல்வியில் உயிரோடுதான் இருந்தார். வயசு 72. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே சர்ச், அதே ஊர். அரசு அவருக்கு என்று கொடுத்தது கொஞ்சம், அதுவும் கடைசிக் காலத்தில். 1843 ஜூன் 11ல் இறந்தார். எந்தக் கோட்டையில் இருந்து கிளம்பச் சொன்னார்களோ, அதே டவர் ஆஃப் லண்டனில் இன்று அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

சரி, கேப் வந்ததும் கவலை தீர்ந்ததா? இல்லை. மழைப் பிரச்சினை போனது, கரிப் பிரச்சினை அப்படியே இருந்தது. இன்றும் பழைய வகைத் துப்பாக்கியில் போட்டிக்குச் சுடுகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது இதுதான்: சுட்டு முடித்த அன்றே நிப்பிளைக் கழற்றி, சுடுதண்ணீரில் கழுவி, துளையைக் கம்பியால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, லேசாக எண்ணெய் போடுவார்கள். அடுத்த முறை சுடுவதற்கு முன்னால் அதே எண்ணெய் எதிரி ஆகிவிடும். துளையில் தங்கி நெருப்பை அணைக்கும். அதனால் மருந்து கெட்டிப்பதற்கு முன் வெறும் கேப்பை மாட்டி, குழாய் வாயைத் தரையில் ஒரு புல்லுக்கு நேராகப் பிடித்து அடிப்பார்கள். புல் அசைந்தால் வழி சுத்தம்.

நிப்பிளின் தலை அடிபட்டு விரிந்தால் கேப் முழுசாக உட்காராது. முதல் அடி கேப்பை உட்கார வைக்கவே செலவாகும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். நெருப்பு போகும் துளை அரித்துப் பெரிசானால் வாயு பின்பக்கம் அடிக்கும், ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு மாதிரி போகும். அதனால் நல்ல சுடுநர் பையில் எப்போதும் ஒரு ஸ்பேர் நிப்பிளும் அதைக் கழற்றும் சாவியும் இருக்கும். குழாயை மாற்றுவதற்கு முன்னால், கண்ணைக் குறை சொல்வதற்கு முன்னால், அவர் பார்ப்பது அந்த விரல் நுனி அளவு பாகத்தைத்தான்.

இப்போ, ஏன் நமக்குத் தெரியணும்னு சொன்னேனே. ஃபோர்சித்தின் ஐடியா ஒரே ராத்திரியில் ஜெயிக்கவில்லை. அவர் பட்டறையில் அது வேலை செய்தது, ஏன்னா துடைக்க அவரே இருந்தார். ஊருக்கெல்லாம் வேலை செய்தது எப்போது? துடைக்கிற வேலையில் ஆபத்தான பாதியை ஃபேக்டரி எடுத்துக்கொண்டு, மீதியைச் சாதாரண ஆள் சுடுதண்ணீரில் செய்ய முடிந்தபோதுதான்.

அடுத்த மாசம் நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூ. உங்க மாடல் உங்க கையில ஓடும், அது எனக்குத் தெரியும். நீங்க பக்கத்துல இல்லாத அன்னைக்கு, மழையில, அதை யார் துடைப்பாங்க? ரிப்போர்ட்ல அதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க.