நடுவானில் சுழலாமல் விழக் கற்றுக்கொடுத்த மனிதர்... யார் இந்த லியோ வாலன்டின்?

விமானத்திலிருந்து பத்து, இருபது பேர் ஒன்றாகக் குதித்து, நடுவானில் கைகோர்த்து பூ மாதிரி வட்டம் போடும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த வட்டம் கலைந்த பிறகு என்ன நடக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா? ஸ்கைடைவிங்கில் ரொம்ப ஆபத்தான கட்டங்களில் ஒன்று அப்போதுதான் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்ட இன்றைக்கும் கைகொடுக்கும் வித்தைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், பிரான்ஸைச் சேர்ந்த லியோ வாலன்டின்.

விலகிப் போவது ஏன் அவசியம்?

குழுவாகக் குதிப்பவர்கள் மணிக்கு சுமார் 190 கி.மீ. வேகத்தில் விழுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வேகம் என்பதால், பக்கத்தில் இருப்பவர் சும்மா மிதப்பது போலத்தான் தெரியும். பிரச்னை வருவது பாராசூட் விரியும்போது. விரித்தவரின் வேகம் சில விநாடிகளில் மளமளவென்று குறைந்துவிடும். அவருக்கு நேர் மேலே இன்னொருவர் அதே 190 கி.மீ. வேகத்தில் வந்தால் என்ன ஆகும்? அருகருகே விரித்தாலும் சிக்கல்தான். இரண்டு பாராசூட்டுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளலாம்.

அதனால்தான் முன்பே பேசிவைத்த உயரம் வந்ததும் (சிறிய குழு என்றால் பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவில்) எல்லோரும் கையை விட்டுவிட்டு, வட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார்கள். கைகளை உடம்போடு ஒட்டிப் பின்னால் நீட்டி, கால்களை விறைப்பாக வைத்து, சக்கரத்தின் ஆரங்கள் போல ஆளுக்கொரு திசையில் பாய்கிறார்கள். இதுக்குப் பேர்தான் 'ட்ராக்கிங்'. போதுமான தூரம் போன பிறகு கைகளை ஆட்டி சைகை காட்டிவிட்டுத்தான் பாராசூட்டை விரிக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கணும்னா, முதலில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கணும் இல்லையா? வாலன்டினின் கதை தொடங்குவது அங்கேதான்.

போரில் குதித்தவர்

1919-ல் பிரான்ஸின் எபினால் நகரில் பிறந்தவர் வாலன்டின். ராணுவத்தில் சேர்ந்து பாராசூட் வீரரானார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் சென்று, சுதந்திர பிரான்ஸ் படையின் பாராசூட் பிரிவில் இணைந்தார். 1944-ல் ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் குதித்து, நாசவேலைப் பணிகளில் ஈடுபட்டார். அந்தப் போரிலேயே கையில் காயமும் பட்டது.

போர் முடிந்ததும் ராணுவ பாராசூட் பள்ளியில் பயிற்சியாளரானார். அப்போது பாராசூட்டை விரிக்காமல் நீண்ட நேரம் விழுபவர்களுக்கு இருந்த பெரிய எதிரி, சுழற்சி. உடம்பு பம்பரம் மாதிரி சுற்றும், தலைகீழாகப் புரளும். அந்த நிலையில் பாராசூட்டை விரித்தால், கயிறுகள் உடம்பிலேயே சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு.

'வாலன்டின் பொசிஷன்' என்றால் என்ன?

1947-ல் அவர் வான்வெளியில் செய்து காட்டிய தீர்வு கேட்க எளிமையானது. வயிறு தரையைப் பார்க்கணும். முதுகு வில் போல வளையணும். கைகளையும் கால்களையும் நன்றாக விரிக்கணும். அவ்ளோதான். இடுப்புப் பகுதி கீழேயும், கை கால்கள் சற்று மேலேயும் இருப்பதால், எதிர்க்காற்று உடம்பை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும்.

அதோடு நிற்கவில்லை. கையைக் கொஞ்சம் சாய்த்தால் திரும்பலாம், காலை நீட்டினால் முன்னே நகரலாம் என்ற கட்டுப்பாடும் இதனால் கைவசமானது. விழுவது, ஓட்டுவதாக மாறியது. பிரான்ஸில் வளர்ந்த இந்த முறையை 1950-களின் நடுவில் ஜாக் இஸ்டெல் போன்றவர்கள் அங்கே கற்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இருவர் நடுவானில் நெருங்குவதும், பிறகு குழுவாகக் கைகோர்ப்பதும் இந்த அடித்தளத்தில் வந்தவைதான். 2006-ல் தாய்லாந்தின் வானில் 400 பேர் ஒரே வடிவமாக இணைந்தார்கள் என்றால், அத்தனை பேரும் பத்திரமாகப் பிரியவும் தெரிந்தவர்கள் என்று அர்த்தம்.

சிறகு மீது வந்த ஆசை

விழுவதைக் கட்டுப்படுத்தியவருக்கு, பறக்கணும் என்ற ஆசை. 1948-ல் ராணுவத்தை விட்டார். 1950-ல் துணிச் சிறகுகளோடு குதித்துப் பார்த்தார், எதிர்பார்த்தபடி பறக்க முடியவில்லை. பிறகு மரச் சிறகுகளுக்கு மாறினார். இந்த ஆசை எவ்வளவு ஆபத்தானது என்பது தெரியாததல்ல. 1937-ல் அமெரிக்கரான கிளெம் சோன், பாரிஸ் அருகே துணிச் சிறகுகளோடு குதித்து, பாராசூட் சரியாக விரியாமல் மக்கள் கண்முன்னே இறந்திருந்தார். அப்போது வாலன்டினுக்கு 18 வயது.

1956 மே 21. இங்கிலாந்தின் லிவர்பூல் அருகே ஸ்பீக் விமான நிலையத்தில் விமான சாகச நிகழ்ச்சி, கீழே பெருங்கூட்டம். விமானத்தின் கதவைத் தாண்டி வெளியே வரும்போது, வாலன்டினின் ஒரு சிறகு விமானத்தில் மோதி உடைந்தது. அடுத்த நொடி, அவர் பல ஆண்டுகள் போராடி வென்ற அதே சுழற்சி அவரைப் பிடித்துக்கொண்டது. விரித்த பாராசூட் சிக்கிக்கொண்டது, மாற்று பாராசூட்டும் காப்பாற்றவில்லை. அப்போது அவருக்கு வயது 37.

இன்றைக்கு என்ன பாடம்?

வாலன்டினுக்கு விழத் தெரியாமல் இல்லை. விமானத்துக்கும் சிறகுக்கும் நடுவே தேவையான இடைவெளி அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று விங்சூட் அணிந்து குதிப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு: விமானத்தின் வால் பகுதியைத் தாண்டும் வரை சிறகை விரிக்கக் கூடாது. குழுவாகக் குதிப்பவர்களுக்கும் கணக்கு அதேதான். பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதியான பிறகே பாராசூட்டை விரிக்கணும்.

அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டால், வட்டம் கலைந்த பிறகு வரும் விநாடிகளையும் பாருங்க. ஒவ்வொருவரும் திரும்பி விலகத் தொடங்கும் அந்த நிலையில், வாலன்டின் கற்றுக்கொடுத்தது தெரியும்.